கிணத்தடியில அஞ்சு நிமிசம்

போன வருசம் நல்லூர்த் தேர் முடிஞ்சு நாலாம் நாள், நான் மருந்து கட்டுற அறைக்கு ஒரு ஐயா வந்தவர். சாரமும் சேட்டும், இடது காலில பழைய வேட்டித்துண்டு சுத்தியிருந்தது. "பெருசா ஒண்டுமில்லைப் பிள்ளை, நோகவே இல்லை, மனுசி கரைச்சல் குடுத்தபடியாத்தான் வந்தனான்" எண்டார். துணியைக் கழட்டேக்க தோலும் சேர்ந்து வந்தது. குதிக்கால் முழுக்க வெந்துபோய்க் கிடக்கு.

என்ன நடந்ததெண்டா, திருவிழாவுக்கு நடந்து நடந்து குதி உளைஞ்சிருக்கு, வீட்டில செங்கல்லைச் சூடாக்கி அதுக்கு மேல எருக்கிலையை வைச்சு ஒத்தடம் பிடிச்சிருக்கினம், எங்கட ஊரில எல்லா வீட்டிலயும் செய்யிறதுதானே. "சூடு தெரியேல்லையோ ஐயா?" எண்டு கேட்டன். "இல்லை, அதாலதான் இன்னும் கொஞ்சம் சூடாக்கச் சொன்னனான்" எண்டார். ஆளுக்குப் பதினாலு வருசமாச் சலரோகம், அதுதான் நீரிழிவு.

நான் கைவைத்தியத்துக்கு எதிரி இல்லை, அதை முதலே சொல்லிப்போடுறன். என்ர அம்மம்மாவும் உதே எருக்கிலை ஒத்தடந்தான் பிடிச்சவ, சுகமாத்தான் இருந்தது, ஆனா அவவுக்குச் சுடுறது தெரியும், சுட்டா காலை இழுப்பா. இந்த ஐயாவின்ர கால் அவருக்கு ஒண்டும் சொல்லுறேல்லை. ரத்தத்தில சீனி கனகாலம் கூடி இருந்தா நரம்பு பழுதாகும், அது கால்விரல் நுனியில தொடங்கி மெல்ல மெல்ல மேல ஏறும், சொக்ஸ் போட்ட மாதிரி ஒரு மரமரப்பு. சில பேருக்கு எரிவு, ஊசி குத்துற மாதிரி இருக்கும். கன பேருக்கு அதுவும் இல்லை. ஒரு அம்மா சந்தைக்குப் போகேக்க ஒரு செருப்பு கழண்டு விழுந்ததே தெரியாம ஒற்றைச் செருப்போட வீடு வந்து சேர்ந்தவ, வீட்டில எல்லாரும் சிரிச்சவையாம், நான் சிரிக்கேல்லை.

சரி, உங்கட கால் கதைக்குதோ இல்லையோ எண்டு எப்படிப் பாக்கிறது? இதுக்கு மெசின் தேவையில்லை. இங்கிலாந்தில இப்ஸ்விச் எண்ட இடத்து ஆஸ்பத்திரிக்காரர் கொண்டுவந்த முறை ஒண்டு இருக்கு, வீட்டில பேரப்பிள்ளையே செய்யலாம். காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ. மற்றவர் சுட்டுவிரல் நுனியால ஒவ்வொரு காலிலயும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் எண்டு மொத்தம் ஆறு விரலை மாறி மாறி ஒரு செக்கன், ரெண்டு செக்கன் மெல்லத் தொடவேணும், அமத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது, ஒரு விரலை ஒருக்காத்தான். தொட்ட உடன வலது, இடது எண்டு நீங்கள் சொல்லவேணும். ஆறில ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியாமப் போனா அடுத்த கிளினிக்கில "என்ர காலைப் பாருங்கோ" எண்டு நீங்களாவே கேளுங்கோ. நாங்கள் பிரசர் பாப்பம், ரத்தம் எடுப்பம், சனம் கூடின நாளில செருப்பைக் கழட்டச் சொல்ல மறந்துபோடுவம், அது எங்கட பிழைதான்.

முந்தி வெளியில போட்டு வந்தா கிணத்தடியில கால் கழுவாம வீட்டுக்குள்ள விடமாட்டினம். துடக்கு, கண்ணூறு எண்டு ஆயிரம் காரணம் சொன்னவை, ஆனா அதில ஒரு நன்மை இருந்தது, ஒவ்வொரு பொழுதுபட்டும் குனிஞ்சு சொந்தக் காலை ஒருக்கா பாத்தம். இப்ப அற்றாச்ட் பாத்ரூம், குனிய ஏலாத வயிறு, கையில போன். உங்கட வீட்டில கிணறு இருக்கோ பைப் இருக்கோ, அந்த அஞ்சு நிமிசத்தைத் திருப்பிக் கொண்டு வாங்கோ.

தண்ணி சுடச்சுட வேண்டாம், இளஞ்சூடு காணும், உணர்ச்சி குறைஞ்ச காலெண்டா தண்ணியை முழங்கையால தொட்டுப் பாருங்கோ இல்லாட்டி வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்கோ. கன நேரம் ஊறப்போடவும் வேண்டாம், தோல் காய்ஞ்சுதான் போகும். கழுவினாப் பிறகு பழைய பருத்திச் சீலைத்துண்டால விரலிடுக்கு ஒவ்வொண்டாத் துடைக்கவேணும், இதைத்தான் ஒருத்தரும் செய்யிறேல்லை, அந்த ஈரத்திலதான் வெள்ளையா ஊறிப் பங்கசு பிடிக்கிறது. பிறகு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ கொஞ்சம் எடுத்துக் குதியிலயும் உள்ளங்காலிலயும் பூசுங்கோ, சோளகக் காத்து அடிக்கேக்க வெடிக்கிற குதிக்கு இது நல்ல மருந்து, வெடிப்புக்குள்ளாலதான் கிருமி உள்ள போறது. விரலிடுக்குக்கு எண்ணெய் வேண்டாம். எண்ணெய்க் காலோட மாபிளில நடந்து விழுந்து இடுப்பை முறிக்கவும் வேண்டாம், பூசிப்போட்டு நேர கட்டிலுக்குப் போங்கோ.

குனிய ஏலாட்டி முகம் பாக்கிற கண்ணாடியை நிலத்தில வைச்சு உள்ளங்காலைப் பாக்கலாம். சிவப்பு, கொப்புளம், கறுத்த இடம், முள்ளு, ஒரு காலை விட மற்றக் கால் வீங்கிச் சூடா இருக்கிறது, இதுகளைத்தான் தேடவேணும். காலாணியை பிளேட்டால சீவுற வேலை சலரோகக்காரருக்கு வேண்டவே வேண்டாம். நகத்தை நேரா வெட்டுங்கோ, மூலையைத் தோண்டாதேங்கோ. செருப்பு, சப்பாத்து போட முதல் கவிட்டுத் தட்டிப் பாக்கிறது தேளுக்கு மட்டுமில்லை. ஒரு ரீச்சரின்ர சப்பாத்துக்குள்ள இருந்து சோடா மூடி விழுந்தது, காலமையில இருந்து ரெண்டு மணி மட்டும் அதை மிதிச்சுக்கொண்டு நிண்டு படிப்பிச்சிருக்கிறா.

கோயிலுக்குப் போகாதேங்கோ எண்டு நான் சொன்னா இந்த ஊரில இருக்க ஏலாது, நானும் போறனான். நல்லூர்த் திருவிழா இருபத்தஞ்சு நாளும் வெறுங்காலோடதான் எல்லாரும், ஆனா மத்தியான வெய்யிலில கொதிக்கிற மணல், தார் ரோட்டில மரத்த காலோட நடக்கிறதை விட்டுப்போட்டு விடியக் காலமையோ பின்னேரமோ போங்கோ, செருப்புக் கழட்டுற இடம் வரைக்கும் செருப்போட போங்கோ, வீட்டை வந்த உடன காலைப் பாருங்கோ.

சீனியைப் பற்றியும் ரெண்டு வசனம். வீட்டில நாலு தேத்தண்ணி, ஒவ்வொண்டுக்கும் மூண்டு கரண்டி எண்டா பன்னிரண்டாச்சு. ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலயும் சேர்த்துக் கலக்கிற சீனி இருபத்தஞ்சு கிராம் அளவுக்குள்ள, அதாவது ஆறு தேக்கரண்டிக்குள்ள நிண்டால் நல்லமெண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. "நான் சீனியே தொடுறேல்லை, பனங்கட்டிதான் கடிக்கிறனான்" எண்டு பெருமையாச் சொல்லுற ஆக்களுக்கு, அதுவும் சீனிதான் ராசா, நிறம் மட்டும் வேற. கனடாவில இருந்து வந்த விற்றமின் போத்தலைக் காட்டி "இது காணுமோ மிஸ்" எண்டு கேக்கிறவையும் இருக்கினம், காணாது. சுருட்டை விட ஏலுமெண்டா அதுதான் காலுக்குச் செய்யிற பெரிய உபகாரம், புகையிலை ரத்தக்குழாயை ஒடுக்குறது.

காலில காயமோ கொப்புளமோ கண்டா நோகுதோ எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, நோகாட்டித்தான் கெதியா வரவேணும், அண்டைக்கோ அடுத்த நாளோ. மஞ்சள், வேப்பெண்ணெய், சுண்ணாம்பு எல்லாம் அப்பி ஒரு கிழமை கழிச்சு வந்தா அதைக் கழுவி எடுக்கவே எனக்கு அரைமணித்தியாலம் போகும், அடியில என்ன கிடக்கெண்டு அதுக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த ஐயாவின்ர குதி ஆற மூண்டு மாதத்துக்கு மேல எடுத்தது, காலை வெட்டுற நிலைக்குப் போகேல்லை. பிறகு ஒருநாள் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தவர். அவதான் வீட்டில விரல் தொட்டுப் பாக்கிற ஆளாம். "அப்பப்பா அளாப்பிறார் மிஸ், கண்ணைத் திறந்து பாத்துப்போட்டு வலது எண்டு சொல்லுறார்" எண்டு முறைப்பாடு. ஐயா யன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு இருந்தவர். இனித் துவாயால கண்ணைக் கட்டிப்போட்டுத் தொடச் சொல்லி அனுப்பினன்.