கறுப்புத் திரையில் எல்லா எழுத்துக்கும் ஏன் ஒரே அகலம்?

ஃபோன் மெனுவில் ஒவ்வோர் எழுத்தும் தன் அகலத்துக்கு ஏற்ற இடத்தை எடுத்துக்கொள்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரையான லினக்ஸ் டெர்மினலில் மட்டும் ஒல்லியான ஆங்கில ‘ஐ’க்கும் பருத்த ‘டபிள்யூ’வுக்கும் ஒரே இடம். இந்தப் பழைய பாணி இன்னும் எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

தட்டச்சுப்பொறியில் எந்த விசையைத் தட்டினாலும் காகிதத்தைச் சுமக்கும் வண்டி ஒரே அளவுதான் நகரும். தகவலைத் துளைகளாகப் பதிய ஐபிஎம் 1928இல் கொண்டுவந்த அட்டையில் 80 நெடுவரிசைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. பின்னாளில் திரைக்கும் 80. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்த இடம் அதற்கு அப்புறம் வருகிறது.

பழைய பிசியின் எழுத்துத் திரையில் 25 வரிகள், வரிக்கு 80 கட்டங்கள். கட்டத்துக்கு இரண்டு பைட்: ஒன்று எந்த எழுத்து என்று சொல்லும், மற்றது என்ன நிறம் என்று சொல்லும். முழுத் திரையும் 4,000 பைட்டில் முடிந்தது. 11ஆவது வரியின் 21ஆவது எழுத்தை மாற்ற வேண்டுமா? மேலே 10 வரி, இடப்பக்கம் 20 எழுத்து: (10×80+20)×2 = 1,640. அந்த இடத்தில் ஒரு பைட்டை எழுதினால் எழுத்து மாறிவிடும். பக்கத்து எழுத்துகள் அசையாது.

எழுத்தின் வடிவம் இந்த 4,000 பைட்டில் கிடையாது. அது தனி அட்டவணையில், எழுத்துக்கு 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம் என்று இருக்கும். திரையை இயக்கும் மின்சுற்று ஒரே வரியின் 80 எழுத்துகளையும் 16 முறை வாசித்து, ஒவ்வொரு முறையும் ஒரு கீற்றை மட்டும் திரையில் இழுக்கும். அடுத்த எழுத்தை எப்போது எடுப்பது என்று அது யோசிக்கவே வேண்டாம், அகலம்தான் மாறாதே.

விஜிஏ என்ற பழைய பிசி திரைத் தரத்தில் ஒரு குறும்பு உண்டு. திரை 720 புள்ளி அகலம். 80ஆல் வகுத்தால் 9. வடிவத்தில் இருப்பதோ 8. ஒன்பதாவதைக் காலியாக விட்டால் எழுத்துகளுக்கு நடுவே நல்ல இடைவெளி கிடைக்கும். ஆனால் பெட்டி போடும் படுக்கைக் கோடுகள் துண்டு துண்டாகிவிடுமே? அதனால் குறிப்பிட்ட 32 குறிகளுக்கு மட்டும் எட்டாவது புள்ளியையே ஒன்பதாவதிலும் நகலெடுத்தார்கள். இதை யோசித்தவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுக்கலாம்.

1984இல் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினி ஒவ்வொரு புள்ளியையும் நினைவகத்தில் வைத்தது. 512×342 கறுப்பு வெள்ளைப் புள்ளிகளுக்கு 21,888 பைட். அந்தச் செலவில்தான் சூசன் கேர் வடிவமைத்த சிகாகோ எழுத்துரு மெனுவில் அகலம் மாறி மாறி வந்தது. இங்கே 21ஆவது எழுத்தின் இடம் தெரிய, முன்னால் உள்ள 20 அகலங்களையும் கூட்ட வேண்டும். ஒன்று மாறினால் வலப்பக்கம் முழுதும் நகரும். இன்றைய கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆகவே மெனு, செய்தி, அமைப்புப் பக்கம் எல்லாவற்றுக்கும் மாறும் அகலமே சரி என்பேன். எண்கள் மட்டும் ஒரே அகலத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் ஓடும் கடிகாரம் நொடிக்கு நொடி ஆடும். டெர்மினல் கதை வேறு. அங்கே புரோகிராம்கள் இடைவெளி போட்டே நெடுவரிசை பிரிக்கின்றன. அகலம் மாறினால் அட்டவணை குலைந்துவிடும்.

தமிழ் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். எந்தக் குறிக்கு எத்தனை கட்டம் என்பதற்குப் பல டெர்மினல்கள், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடின் வகைப்பாட்டையே நம்புகின்றன. அதில் ‘ி’ இடம் அடைக்கும் குறி, ‘ீ’ இடம் அடைக்காத குறி. விளைவு, ‘கி’க்கு இரண்டு கட்டம், ‘கீ’க்கு ஒன்று! ‘ண’வும் ‘ர’வும் ஒரே கட்டத்தில் திணறுவது தனி. தமிழ் வளர்ச்சிக்கு மாநாடு போடும் பணத்தில் ஒரு துளி, இந்தக் கட்டக் கணக்கைச் சீர்செய்யும் நாலு பேருக்குச் சம்பளமாகப் போகலாம். அதுவரை என் டெர்மினலில் கோப்புப் பெயர்கள் ஆங்கிலத்தில்தான்.