உள்ளே இழுத்துப் போட்டால் தப்பிவிட முடியாது

"திருடன் வாசலுக்கு வெளியே செத்துக் கிடந்தால், உள்ளே இழுத்துப் போட்டுவிடு. அப்புறம் கேஸே நிக்காது." கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தே தாரிக் (தேநீர்) மேசைகளில் இந்த அறிவுரை இன்னும் ஓடுகிறது. குற்றவியல் வழக்குகளை நடத்தும் எங்களுக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இழுத்தால் தடயம் மாறாது, கூடும். தரையில் ரத்தக்கோடு விழும், குதிகாலில் சிராய்ப்பு இருக்கும். உயிர் போனபின் ரத்தம் உடலின் தாழ்ந்த பக்கத்தில் தேங்கி, சில மணி நேரத்தில் அப்படியே நிலைத்துவிடும். குப்புறக் கிடந்தவரைப் பிறகு மல்லாத்திப் போட்டால் பிரேதப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வெட்டு முதுகில் இருந்தால், உடல் வரவேற்பறையில் கிடந்து என்ன பயன்? இதோடு தடயத்தை மறைத்ததாக மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 201-ஆவது பிரிவிலும் குற்றச்சாட்டு சேரும். தற்காப்பு என்று சொல்ல இருந்த நியாயத்தையும் நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள்.

அடுத்த வாதம், "103-ஆவது பிரிவு கொல்லலாம்னு சொல்லுதே!" சொல்கிறது. கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து என்று நியாயமாக அஞ்சவைக்கும் திருட்டு, அத்துமீறல் ஆகியவற்றைத் தடுக்கும்போது மரணம் வரை போகலாம். ஆனால் அந்தப் பிரிவே தன்னை 99-க்குக் கட்டுப்பட்டதாகத்தான் சொல்லிக்கொள்கிறது. தற்காப்புக்குத் தேவையானதை மீறிக் காயப்படுத்தக் கூடாது, போலீஸை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்பது 99. இதை மட்டும் யாரும் வாட்ஸாப்பில் பகிர்வதில்லை. பகலில் திறந்து கிடந்த கதவு வழியாக ஒருவன் சும்மா நடந்து வந்தால், அது 'வீட்டை உடைத்தல்' கூட ஆகாது.

ஆக, நீதிமன்றத்தில் கேள்வி 'எங்கே செத்தான்' என்பதல்ல. 'அந்த நொடியில் உங்களுக்கு என்ன ஆபத்து இருந்தது' என்பதுதான். அதை நிரூபிக்கும் பொறுப்பும், 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 105-ஆவது பிரிவுப்படி, உங்கள் தலையில்தான். பாராங் கத்தியை ஓங்கியவனை உலக்கையால் அடித்தீர்களா? பேச இடம் உண்டு. கத்தியைப் போட்டுவிட்டுச் சுவரேறுபவனை அடித்தீர்களா? கஷ்டம். கைப்பையைப் பறித்து ஓடுபவனின் மோட்டார்சைக்கிளைக் காரால் இடித்துத் தள்ளினீர்களா? பையை மீட்கத் துரத்தலாம். பைக்காக ஆளைக் கொல்ல முடியாது. நல்லெண்ணத்தோடு எல்லை மீறினீர்கள் என்று நீதிமன்றம் ஏற்றாலும் அது விடுதலை அல்ல. கொலைக்கான 302-ஆவது பிரிவு போய், கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான 304 வரும். அதிலும் 30 ஆண்டுவரை சிறை உண்டு.

வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்கிறவர்களே, 230 வோல்ட்டுக்குத் திருடன் யார், பந்து எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பையன் யார் என்று தெரியாது. தயவுசெய்து இன்றைக்கே கழற்றுங்கள்.

பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டி ஆளுக்கு ஓர் அடி போடுவது தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) வீரமாகிவிட்டது. கட்டிய பிறகு அவனால் யாருக்கு ஆபத்து? செத்துப்போனால் 'நான் ஒரே ஓர் அடிதான் அடிச்சேன்' என்பது எடுபடாது. பொது நோக்கத்தோடு செய்தது என்று எல்லாரையும் 34-ஆவது பிரிவில் சேர்ப்பார்கள். உதைபடுபவன் தப்பான ஆளாகவும் இருக்கலாம். கண்ணெதிரே கடுங்குற்றம் செய்தவனைப் பொதுமக்கள் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. பிடித்தால் தாமதிக்காமல் போலீஸில் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிரில்லைப் பூட்டுங்கள்; சாவியை ஜன்னலோர ஆணியில் தொங்கவிடாதீர்கள். படுக்கையறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுங்கள், கைப்பேசி தலைமாட்டில் இருக்கட்டும். சத்தம் கேட்டால் பிள்ளைகளோடு ஓர் அறைக்குள் போய்த் தாழிட்டு 999-ஐ அழையுங்கள், விளக்கைப் போட்டுக் கத்துங்கள். பெரும்பாலான திருடர்களுக்கு வேண்டியது பொருளும் ஓடும் வழியும்தான். ஓடுகிறவனின் வழியை மறிக்காதீர்கள்.

மீறி ஏதாவது நடந்துவிட்டால், போலீஸையும் ஆம்புலன்ஸையும் நீங்களே முதலில் கூப்பிடுங்கள். தரையைக் கழுவாதீர்கள், மறைகாணிப் பதிவை அழிக்காதீர்கள், குழுக்களில் படம் போடாதீர்கள். கைது செய்தால் வழக்கறிஞரைக் கலந்துபேசும் உரிமை உங்களுக்கு உண்டு. கையில் காசில்லை என்றால் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தைக் கேளுங்கள். கைதான நேரத்திலும் தடுப்புக்காவல் விசாரணையிலும் அவர்கள் வருவார்கள்.