பரிசல்: சொல் விளக்கம்

ஒகேனக்கலுக்கு வருகிறவர்கள் சிலர், ‘கொராக்கிள் எங்கே ஏறணும்?’ என்று கேட்கிறார்கள். கொராக்கிள் வேல்ஸ் நாட்டு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அந்த ஊர் ஆறுகளில் ஓடும் சின்னக் கூடைப்படகின் பெயர் அது. நம் காவிரியில் ஓடுவது பரிசல்.

அக்கரையில் கன்னடத்தில் இதை ஹரிகோலு என்பார்கள். தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும். பால் ஹாலு ஆகும், புலி ஹுலி ஆகும், பல் ஹல்லு ஆகும். ஒகேனக்கல் என்ற பெயரிலேயே இது இருக்கிறது: புகை அங்கே ஹொகெ, அதனால் புகையும் கல். பரிசலும் ஹரிகோலும் ஒரே வேரில் கிளைத்தவை. அதனால் இதற்குத் தமிழ்ச்சொல் தேடி ‘வட்டப்படகு’ என்று புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியதே இல்லை.

மிதவை, தெப்பம் என்று எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தெப்பம் கட்டுகிற மரமோ வாழைத்தண்டோ தானே மிதக்கும் பொருள். புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் சொல்லும் ‘புணை’யும் அந்த வகைதான். பரிசல் வேறு. அது ஆளையும் சுமையையும் தாங்குவது உள்ளே குழிவாக இருப்பதால். கரையில் கவிழ்த்து வைத்திருக்கும்போது கிட்டே போய்ப் பாருங்கள். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஏறத்தாழ 7 அடி அகலத்துக்கு வட்டமாக வளைத்திருப்பார்கள். முன்பு அடியில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள்; அப்புறம் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன. அடி தட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் ஆழமில்லாத பாறை இடுக்கிலும் போகும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கூடுதலாகத் தண்ணீருக்குள் இறங்கும், அங்கே தண்ணீர் அதிக பலத்தோடு மேலே தள்ளி நிமிர்த்திவிடும். எல்லாரும் ஒரே பக்கம் நகர்ந்தால் மட்டும் அந்தப் பலம் போதாது. பரிசல்காரர் ‘எழுந்திருக்காதீங்க’ என்று அதட்டுவது அதனால்தான். முன்பக்கம் பின்பக்கம் இல்லாத வடிவம், சும்மா விட்டால் சுழலும். அதை ஒற்றைத் துடுப்பால் நேராக ஓட்டுவது பெரிய கைத்திறன்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘பரிசில்’ என்றால் புலவர்க்குக் கொடுக்கும் கொடை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். படகுக்குப் ‘பரிசல்’, ஏறும் இடத்துக்குப் ‘பரிசல் துறை’ என்றே எழுதுங்கள்.