கவுன்சிலிங்குக்குத் தமிழ் ‘அறிவுரை’ அல்ல

போன மாதம் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் இப்படி எழுதியிருந்தது: ‘9, 10ஆம் வகுப்பு மாணவர்களுக்கு நாளை கலந்தாய்வு. பெற்றோர் தவறாமல் வரவும்.’ மறுநாள் காலை ஓர் அம்மா மஞ்சள் பையோடு வந்து நின்றார். பைக்குள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல். “குரூப் இப்பவே பிரிக்கிறாங்களா சார்?” என்று கேட்டார். அவருடைய மகன் சில மாதங்களாக வகுப்பில் யாரோடும் பேசுவதில்லை. அதற்காகத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த அம்மாவின் மேல் ஒரு தப்பும் இல்லை. தமிழ்நாட்டில் கலந்தாய்வு என்றால் பொறியியல் சேர்க்கை, ஆசிரியர் இடமாறுதல், தரவரிசை, காலியிடம், ஒதுக்கீட்டு ஆணை. இடம் ஒதுக்குவதற்கும் கவுன்சிலிங், மனம் விட்டுப் பேசுவதற்கும் கவுன்சிலிங் என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். அதை அப்படியே தமிழில் இறக்கியவர் என்ன வேலை நடக்கிறது என்று பார்க்கவில்லை, அகராதியைப் பார்த்திருக்கிறார்.

கவுன்சிலிங் என்ற சொல்லின் வேர் லத்தீன் ‘கொன்சிலியம்’. கூடி ஆராய்வது, யோசனை சொல்வது என்று பொருள். அமெரிக்காவில் 1908இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் இளைஞர்களுக்கு வேலை தேர்ந்தெடுக்க உதவும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அப்போது அது வழிகாட்டல்தான். 1940களில் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அதைத் திருப்பிப் போட்டார். வந்தவருக்கு வழி சொல்லாதே, அவர் சொல்வதைக் கேள், அவர் வழியை அவரே கண்டுபிடிப்பார் என்றார். இன்று பள்ளிகளில் இந்த வேலைக்குப் பயிற்சி பெற்று வருகிறவர்கள் முதலில் கற்பது இந்தக் கேட்டலைத்தான். சொல் பழையது, வேலை புதியது.

‘ஆலோசனை’ அந்தப் பழைய பொருளிலேயே நின்றுவிட்டது. அது வடசொல் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. பேருந்து நிலையத்திலும் ஆலோசனை கேட்கிறோம், நல்ல புழக்கச் சொல். ஆனால் ஆலோசனை அமைச்சரின் வேலை. ‘அறிகொன்று அறியான் எனினும் உறுதி உழையிருந்தான் கூறல் கடன்’ என்கிறது குறள். அறிந்தவர் சொல்வதைத் தள்ளி, தானும் அறியாத அரசனே ஆனாலும், அமைச்சன் நல்லதை எடுத்துச் சொல்லியாக வேண்டும். பதினான்கு வயதுப் பையனின் எதிரில் உட்காருகிறவர் அமைச்சர் இல்லை.

‘அறிவுரை வழங்கல்’ இன்னும் மோசம். இந்தச் சொற்களோடு வரும் வினையைக் கவனியுங்கள். அறிவுரை கொடுக்கிறோம், ஆலோசனை கொடுக்கிறோம், கவுன்சிலிங்கும் ‘குடுக்கிறோம்’. அடியும் கொடுப்பதுதான். “அவனுக்கு நல்லா கவுன்சிலிங் குடுத்து அனுப்பினேன்” என்று ஆசிரியர் அறையில் காதால் கேட்டிருக்கிறேன். நடந்தது என்ன? பையன் கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் தலைகுனிந்து நின்றான். அப்பா படும் பாடு, பக்கத்து வீட்டுப் பையனின் மார்க் எல்லாம் அவனுக்குச் சொல்லப்பட்டன. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. திட்டுவதற்குப் பெயர் மாற்றிக் கவுன்சிலிங் என்று சொன்னால் பிள்ளைகள் அந்தச் சொல்லுக்கே பயப்படுவார்கள். பயப்படுகிறார்கள்.

சரி, ‘ஆற்றுப்படுத்துதல்’? சிலர் இதைப் பரிந்துரைக்கிறார்கள், அழகான சொல். ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். பரிசு பெற்று வரும் பாணன் வறுமையில் வாடும் இன்னொரு பாணனை எதிர்ப்பட்டு, இந்த வழியே போ, அந்த வள்ளலைப் பார் என்கிறான். தானும் பட்டவன் பேசுவதால் அதில் பரிவு உண்டு. ஆனாலும் போக வேண்டிய இடத்தை அவனே முடிவு செய்துவிடுகிறான். பிள்ளைக்கோ எங்கே போவது என்பதே இன்னும் தெரியாது.

எனக்குப் பிடித்த சொல் இலங்கையிலிருந்து வருகிறது: உளவளத்துணை. அங்கே அரசாங்கமே உளவளத்துணை உத்தியோகத்தர் என்று பதவிக்குப் பெயர் வைத்திருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். ஆனால் துணை என்ற சொல்லுக்கு வரும் வினையைப் பாருங்கள். துணை இருக்கிறோம், துணை நிற்கிறோம், துணைக்குப் போகிறோம். இருட்டில் கொல்லைக்குப் போகப் பயப்படும் குழந்தை “துணைக்கு வா” என்றுதான் கூப்பிடும், “அறிவுரை கொடு” என்று கூப்பிடாது. கூடப் போகிறவர் முன்னால் நடக்க வேண்டியதில்லை, பக்கத்தில் நடந்தால் போதும்.

இன்னொரு நன்மையும் உண்டு. கதவில் ‘மனநல ஆலோசகர்’ என்று எழுதினால், “எம்பிள்ளைக்கு என்ன, மனநிலை சரியில்லையா?” என்று பெற்றோர் பதறுகிறார்கள். உளவளம் என்பதில் நோயின் வாடை இல்லை. வாய் திறக்காத பிள்ளை, எழுத்துக்கூட்ட முடியாமல் ஆத்திரப்படும் பிள்ளை, வீட்டுச் சண்டையைச் சுமந்து வரும் பிள்ளை, யாரும் அந்த அறைக்குக் கூச்சமில்லாமல் போகலாம்.

மொழிபெயர்ப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சுற்றறிக்கையைத் தமிழாக்கும் முன் அந்த அறைக்குள் அரைமணி நேரம் என்ன நடக்கிறது என்று ஒரு முறை விசாரியுங்கள். அந்தப் பலகையில் ‘உங்கள் பிள்ளையைப் பற்றிப் பேச வாருங்கள்’ என்று எழுதியிருந்தால்கூட, அந்த அம்மா சாதிச் சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்.