கடல் உறைந்தால்தான் பாதை

கனடாவின் வடகோடியில் பாஃபின் தீவில் பான்ட் இன்லெட் என்றொரு சின்ன ஊர். அங்கு வாழும் இனுயிட் மக்கள் அதை மிட்டிமட்டாலிக் என்பார்கள். அந்த ஊர் இருக்கும் நுனாவுட் பிரதேசத்தில் மொத்தம் 25 ஊர்கள். ஊருக்கு ஊர் போகச் சாலை கிடையாது. சீல் வேட்டைக்கும், அடுத்த ஊரில் இருக்கும் சொந்தங்களைப் பார்க்கவும் உறைந்த கடல்மேல்தான் போகவேண்டும். அந்தப் பனிக்கட்டிக்கு அவர்கள் மொழியில் 'சிக்கு' என்று பெயர்.

உப்பு இருப்பதால் கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில்தான் உறையும். பனிப்படிகத்தில் உப்புக்கு இடமில்லை, வெளியே தள்ளிவிடும். தள்ளியதில் கொஞ்சம் குட்டிக் குட்டி உப்புநீர்ப் பைகளாக உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதனால் புதிதாக உறைந்த கடல் ஏரிப் பனிக்கட்டி மாதிரி விறைப்பாக இருக்காது. நடந்தால் காலடியில் லேசாக வளையும்.

பனிக்கட்டி கீழ்ப்பக்கமாகத்தான் தடிக்கும். மேலே வெண்பனி விழுந்து மூடினால் அது கம்பளிபோல் குளிரைத் தடுத்துவிடும், தடிப்பது மெதுவாகிவிடும். அடியில் ஓடும் நீரோட்டமும் அரித்துக்கொண்டே இருக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை! எது தாங்கும் எது தாங்காது என்பதைப் பெரியவர்கள் 'தூக்' என்ற இரும்புமுனைக் கோலால் குத்தி, சத்தத்தையும் கைக்குத் தெரியும் அதிர்வையும் வைத்துச் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு இது.

ஆனால் 1979க்குப் பிறகு ஆர்க்டிக், உலக சராசரியைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது. கடல் தாமதமாக உறைகிறது, சீக்கிரமே உடைகிறது. அப்பா காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு போன இடத்தில் இன்று மகன் வண்டியோடு உள்ளே போய்விடலாம். கனடாவின் கிழக்குக் கரையில் லாப்ரடாரில் உள்ள நெயின் ஊரில் 2009-10 குளிர்காலம் அப்படித்தான் இருந்தது. பனிக்கட்டி சரியாகப் பிடிக்காமல் பலர் தண்ணீருக்குள் விழுந்தார்கள். பனிக்கட்டியின் தடிமனை அளந்து சொல்லும் 'ஸ்மார்ட்ஐஸ்' என்ற முயற்சி அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது.

பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலின் பின்னால் இழுக்கும் 'கமுத்திக்' சறுக்குவண்டியில் ஒரு கருவியை வைக்கிறார்கள். அதிலுள்ள கம்பிச்சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்கும். பனிக்கட்டியில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. அடியிலிருக்கும் உப்புநீரில் நன்றாகப் பாயும். அதனால் நீரில் எழும் மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை அனுப்பும். பனிக்கட்டி தடித்து, நீர் ஆழத்தில் இருந்தால் அந்தப் பதில் பலவீனமாக வரும். இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டால், ஓட்டை போடாமலே, ஓடும் வண்டியிலேயே தடிமன் தெரிந்துவிடும்.

எந்தப் பாதையில் அளப்பது என்பதை ஊர்க்காரர்களே முடிவு செய்கிறார்கள். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். வண்டியை ஓட்டுவதும் அவர்கள்தான். அப்புறம், கருவி அளப்பது தான் போன தடத்தை மட்டும்; பத்தடி தள்ளிப் போகவேண்டும் என்றால் தூக்கைத்தான் கையில் எடுக்கவேண்டும்.