ஐஸ் மேக்கர் சத்தம் போடுகிறதா? கழற்றும் முன் ஒரு சுற்று நின்று கேளுங்கள்

மேசை மேல் வைத்து, தொட்டியில் தண்ணீர் ஊற்றி ஓட்டும் சின்ன ஐஸ் மேக்கர் இப்போது பல வீடுகளுக்கு வந்துவிட்டது. சில மாதங்களில் அது கிறீச்சிடவோ கடகடக்கவோ தொடங்கியதும் ‘கம்ப்ரசர் போச்சு’ என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். கம்ப்ரசர் போவது அரிது. சர்வீசுக்கு வருபவற்றில் பலவற்றுக்குப் புது பார்ட்டே தேவைப்படுவதில்லை. படிந்த உப்பைக் கரைத்து எடுத்தாலே சத்தம் அடங்கிவிடும். அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன், சத்தம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கவனியுங்கள்.

சுவிட்ச் போட்டதும் கம்ப்ரசரும் ஃபேனும் ஓடும். சிறிய பம்ப் ஒன்று அடித்தொட்டித் தண்ணீரை மேலே உள்ள டிரேயில் நிரப்பும். டிரேக்குள் இறங்கியிருக்கும் விரல் போன்ற உலோகக் குழாய்கள் குளிர்ந்து, 6 முதல் 10 நிமிடத்தில் அவற்றைச் சுற்றி ஐஸ் பிடிக்கும். பிறகு சோலினாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடும் கேஸ் வால்வு) திறந்து, குளிரூட்டும் கேஸ் சூடாகவே அதே குழாய்களுக்குள் பாயும். ஐஸ் கழன்று விழும். டிரே சாய்ந்து மிச்சத் தண்ணீரைத் தொட்டியிலேயே கொட்டும், பிளாஸ்டிக் தள்ளுகட்டை ஒன்று ஐஸைக் கூடைக்கு அனுப்பும். வால்வின் ‘டக்’, கேஸ் பாயும் ‘உஸ்ஸ்’, ஐஸ் விழும் கலகலப்பு எல்லாம் இயல்பானவை. இவற்றுக்காகப் பயப்பட வேண்டாம்.

ஐஸ் கழலும் நேரத்திலோ டிரே சாயும்போதோ கிறீச்சென்று இழுத்தால், முதலில் உப்பைச் சந்தேகப்படுங்கள். தண்ணீர் உறையும்போது அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பெரும்பாலும் ஐஸுக்குள் போகாமல் டிரேயிலேயே தங்குகின்றன. அந்த மிச்சம் ஒவ்வொரு சுற்றிலும் தொட்டிக்குத் திரும்புவதால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஓட ஓட உப்பேறிக்கொண்டே போகும். குறையும் தண்ணீருக்கு மேலேயே ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தால், நல்ல தண்ணீரிலும் படிவு வரும். போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியில்லாத இடங்களுக்கு 600வரை இடம் தருகிறது. குடிக்க அனுமதித்த தண்ணீரும் இந்தக் குழாய்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கக் கூடாது. படிவால் சொரசொரப்பான குழாயிலிருந்து ஐஸ் வழுக்கி விழாது. பிடித்துக்கொண்டு நிற்கும் ஐஸில் டிரே உரசுவதுதான் அந்தச் சத்தம்.

உப்பெடுக்க, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 முதல் 30 கிராம் சிட்ரிக் ஆசிட் போதும். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் டிரே வளைந்துவிடும். கூடையை எடுத்துவிட்டு, கரைசலை ஊற்றி ‘கிளீன்’ மோடில் ஓட்டுங்கள். அரை மணி நேரம் ஊறவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். படிவு இருக்கும் இடங்களில் நுரைத்துக் குமிழி வரும். அடியிலுள்ள டிரெயின் மூடியைத் திறந்து முழுதும் வடித்து, மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். அடுத்து வரும் இரண்டு ஈடு ஐஸைக் கொட்டிவிடுங்கள். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் இதற்குக் கூடவே கூடாது: குழாயின் மேல்பூச்சை அது அரித்துவிடும். சிட்ரிக் ஆசிட்டோடு ப்ளீச்சிங் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

உப்பெடுத்த பிறகும் டிரே சாயும்போது ‘டக் டக் டக்’ என்று எண்ணியதுபோல் வந்தால், டிரேயைத் திருப்பும் கியர் மோட்டாரின் பல் வழுக்குகிறது. ஐஸ் சிக்கியிருக்கும்போது கத்தியால் குத்தி நெம்புவதும், டிரேயைக் கையால் பிடித்து வளைப்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள். சிக்கினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உருகும்வரை காத்திருங்கள். மோட்டார் மாற்றும்போது அதன் லேபிளில் உள்ள வோல்ட்டும் சுற்று வேகமும் அப்படியே பொருந்த வேண்டும். ஏசி ஓடும் அறையில் பெரிய சைஸ் ஐஸ் வைத்தால் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி இதே சிக்கலைத் தரும். சிறிய சைஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

தண்ணீர் ஏறும் நேரத்தில் மட்டும் ‘கொர்ர்’ என்றால் பம்ப் காற்றை இழுக்கிறது. தொட்டியை மேல் கோடுவரை நிரப்பி, அடியிலுள்ள வலையைக் கழுவுங்கள். அதன் பிறகும் நிற்காவிட்டால் பம்பின் இறக்கையில் உப்புத் துணுக்கு மாட்டியிருக்கும். உலர்ந்து ஓடும் பம்ப் சீக்கிரம் தேய்ந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

ஓடும் நேரமெல்லாம் அதிர்வு இருந்தால் மூடியை உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் மாறினால் மேசையோ கூடையோ மூடியோதான் அதிர்கிறது. மாறாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிப் பக்கவாட்டு மூடியைத் திறந்து, செப்புக் குழாய் எங்காவது பாடியில் உரசுகிறதா என்று பாருங்கள். குழாயை வளைக்காமல் இடையில் ஸ்பாஞ்சுத் துண்டு செருகினால் போதும். ஃபேன் இறக்கையையும் கையால் சுற்றிப் பாருங்கள். அச்சு ஆடினால் எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் ஃபேனையே மாற்றுங்கள். காற்றுத் திசை காட்டும் அம்புக்குறி பழைய ஃபேனில் இருந்தபடியே இருக்கட்டும். வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரில் அடைந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, நான்கு பக்கமும் அரை அடி இடம் விடுங்கள்.

உறுமல், பிறகு ‘டக்’, சில நிமிடம் அமைதி, மறுபடி உறுமல் என்றால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் திணறுகிறது. வோல்டேஜைப் பாருங்கள், அது சரியாக இருந்தால் கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் ரிலேயையும், அது சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோடையும் சோதிக்க வேண்டும். இரண்டும் மலிவான பாகங்கள்தான். நிறுத்திய உடனே மறுபடி போட்டாலும் இப்படித் திணறும், 5 நிமிடம் இடைவெளி தேவை. வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்த மிஷினை நிமிர்த்தி வைத்து, ஒரு நாள் கழித்தே ஓட்டுங்கள்.

‘உஸ்ஸ்’ சத்தம் நிற்காமல் வந்து ஐஸே பிடிக்காவிட்டால், கேஸ் வால்வு மூடாமல் மாட்டியிருக்கலாம். சத்தமே இல்லாமல் குளிர் குறைந்தால் கேஸ் கசிந்திருக்கலாம். இரண்டையும் வீட்டில் தொடாதீர்கள். புது மாடல்கள் பலவற்றில் இருப்பது ஆர் 600ஏ, தீப்பற்றும் கேஸ். பின்பக்க லேபிளில் அதன் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அச்சிட்டிருக்கும். அளவு சில பத்து கிராம்தான் என்பதால், எடை போடும் கருவி இல்லாமல் குத்துமதிப்பாக நிரப்பினால் ஐஸ் சரியாக வராது. வருகிற மெக்கானிக்கிடம் அந்தத் தராசு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கூலியும் கேஸும் சேர்ந்து மிஷின் விலையில் பாதியைத் தாண்டினால், அந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் யோசனை.