மனு ரசீதோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்: திருட்டுப் புகாரில் உங்கள் உரிமை

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் பல வீடுகளில் ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடலுக்குப் போய்விடுகிறார்கள். பீரோ உடைக்கப்பட்டால் ஸ்டேஷன் படியேறுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். போனவர்கள் கையில் ஒரு ரசீதோடு வருகிறார்கள், "கேஸ் கொடுத்தாச்சு" என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த ரசீது சி.எஸ்.ஆர். உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டால்தான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. போலீஸ் தானாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-வது பிரிவும் இதைத்தான் சொல்கிறது. அப்படியிருந்தும் ஜனங்கள் ஏன் அலைகிறார்கள் என்றால், ஸ்டேஷனில் சொல்லப்படும் காரணங்கள் சட்டம் மாதிரியே காதில் விழுகின்றன.

"வீட்டுக்காரர் வந்துதான் புகார் கொடுக்கணும்" என்பார்கள். அப்படி ஒரு விதியே இல்லை. விஷயம் தெரிந்த யாரும் கொடுக்கலாம்: மனைவி, மாமியார், வாடகைக்கு இருப்பவர், பக்கத்து வீட்டுக்காரர். துபாயில் இருக்கும் கணவர் மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். அப்படி அனுப்பியவர் 3 நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது பதிவாகாது. ஊரில் இருப்பவர் நேரில் எழுதிக் கொடுப்பதே நல்லது.

"இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கார், அப்புறம் வாங்க." செப்டம்பரில் பரமக்குடி நினைவு நாள், அக்டோபர் கடைசியில் பசும்பொன் குருபூஜை என்று நம் மாவட்டத்தில் இந்தப் பதில் நிறையவே கேட்கும். பொறுப்பு அதிகாரி இல்லாத நேரத்தில், ஸ்டேஷனில் இருப்பவர்களில் அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவர், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்டவராக இருந்தால், அவரே பொறுப்பு அதிகாரி. ஏட்டு இருந்தாலே போதும்.

"இது எங்க எல்லை இல்லை" என்பது கரையோரத்துக்கே உள்ள தொல்லை. கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தில் இன்ஜின் காணாமல் போனால், ஊர் ஸ்டேஷன் மரைன் போலீஸைக் கைகாட்டும், மரைன் போலீஸ் ஊர் ஸ்டேஷனைக் கைகாட்டும். இரண்டுக்கும் நடுவில் மனிதன் ஒரு வார வருமானத்தைத் தொலைக்கிறான். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் முதலில் போன ஸ்டேஷனிலேயே பதிவு செய்ய வேண்டும். இதற்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பெயர். உரிய ஸ்டேஷனுக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை, உங்கள் வேலை அல்ல. இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

இனி வருவதுதான் ஜனங்களுக்குத் தெரியாமலே அதிகம் கெடுதல் செய்வது. புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டை, கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. எஃப்.ஐ.ஆரும் வராது. ஆகவே வாசலில் கட்டிய ஆடு, வலை, பேட்டரி எதுவானாலும் இன்றைய மதிப்பை நீங்களே சரியாக எழுதுங்கள். "சும்மா ஒரு மூவாயிரம்னு போடுங்க" என்று யார் சொன்னாலும் எழுதாதீர்கள். வீட்டுக்குள் புகுந்து திருடியது என்றால் அது வேறு பிரிவு, அதில் இந்த 5,000 ரூபாய் வரம்பே கிடையாது. அதனால் பூட்டு உடைந்ததையும் ஆள் உள்ளே வந்ததையும் புகாரின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

"14 நாள் விசாரிச்சுட்டுத்தான் போடுவோம்" என்பதும் இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கும் பதில். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான், அதுவும் டி.எஸ்.பி. அனுமதி வாங்கினால்தான், அந்த 14 நாள். வீட்டுத் திருட்டுக்குத் தண்டனை 7 ஆண்டு வரை என்பதால் அது இந்தக் கணக்கில் வராது.

அப்புறம் நகை. ரசீது இல்லாவிட்டால் புகார் வாங்க மாட்டோம் என்பது தவறு. ரசீதும் கல்யாண போட்டோவும் பின்னால் உதவும், ஆனால் பதிவு செய்ய அவை நிபந்தனை அல்ல. பன்னிரண்டு பவுன் போனவரிடம் ஐந்து என்று எழுதச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். திருடன் பிடிபட்டு நகை கிடைத்தால், கோர்ட்டில் மனு போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். அங்கே முதலில் எடுத்துப் பார்ப்பது எஃப்.ஐ.ஆரில் உள்ள பட்டியலைத்தான். அதே மாதிரி, திருட்டுப் போன வண்டிக்கு "காணவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், இன்சூரன்ஸ் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

வாக்குமூலத்துக்கு வா, அடையாளம் காட்ட வா என்று பெண்களைத் திரும்பத் திரும்ப ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவது எனக்குப் பொறுக்கவே முடியாத ஒன்று. சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால், பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 179-வது பிரிவு. எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால், பலரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு ஓடுகிறார்கள். அந்த மனு சுற்றிச் சுற்றி அதே ஸ்டேஷனுக்கே வந்து சேரும். சட்டம் காட்டும் வழி வேறு: புகாரை எழுத்தில், தபால் மூலம், ராமநாதபுரம் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள். தபால் ரசீதையும் புகார் நகலையும் பத்திரமாக வையுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஆனால் எஸ்.பி.க்கு அனுப்பிய ஆதாரமும் பிரமாணப் பத்திரமும் இல்லாமல் போனால் மனு நிற்காது. வெறும் கையோடு போய்த் திரும்பியவர்கள் நிறைய.

எஃப்.ஐ.ஆர். போட்டதும் நகலை இலவசமாகத் தர வேண்டும். ஜெராக்ஸ் காசு கேட்டால்கூடக் கொடுக்க வேண்டாம். வாங்கியதும் அங்கேயே நின்று பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் அவர்களே உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்காவிட்டால் தேதியைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று மாஜிஸ்திரேட் கோர்ட் வரை போகாமல் விட்டுவிடாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.